கோப்பைக்குப் பெயர் கொடுத்த படகு

அன்புள்ள நண்பர் சிவராமன் அவர்களுக்கு,

வணக்கம். கண் அறுவை நல்லபடியாக முடிந்ததை அறிந்து நிம்மதியடைந்தேன். உங்கள் கடிதத்தில் ‘அமெரிக்க நாட்டுக் கோப்பை’ என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பாய்மரப் படகுப் பந்தயக் கோப்பைக்குப் பெயர் கொடுத்தது நாடு அல்ல; ‘அமெரிக்கா’ என்ற, ஸ்கூனர் வகை இரட்டைப் பாய்மரப் படகு.

ஜான் காக்ஸ் ஸ்டீவன்ஸும் நியூயார்க் படகு மன்றத்து நண்பர்களும், ஜார்ஜ் ஸ்டியர்ஸ் வகுத்த வடிவில் அதைக் கட்டுவித்தார்கள். 30,000 டாலர் என்று பேசிய விலை, சொன்ன நாளில் வேலை முடியாததால் 20,000 ஆகக் குறைந்தது. 1851 ஆகஸ்ட் 22 அன்று, இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் உள்ளூர்ப் படகுகள் அனைத்தையும் அது முந்தியது. கூர்மையான முன்பகுதியைப் பலரும் புகழ்கிறார்கள். நான் பாயையும் சேர்த்துச் சொல்வேன். ஆங்கிலேயரின் ஆளிநார்ப் பாய்கள் காற்றில் பைபோல உப்பிக்கொள்ள, இதன் பருத்திப் பாய்கள் அடிக்கழியோடு கயிற்றால் இழுத்துக் கட்டப்பட்டு விறைப்பாக நின்றதால், எதிர்க்காற்றிலும் படகு நேர்வழி விட்டு அதிகம் விலகாமல் முன்னேறியது.

வென்ற சில நாட்களிலேயே ஸ்டீவன்ஸ் குழுவினர் கோப்பையை வைத்துக்கொண்டு படகை ஜான் டி பிளாக்கியர் பிரபுவுக்கு விற்றுவிட்டார்கள். எனக்கு இன்றும் மனம் ஒப்பாத செயல் இது. பிறகு அது ‘கமில்லா’ எனப் பெயர் மாறி, கைமாறிக் கைமாறி, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலத்தாரிடம் போய்ச் சேர்ந்தது. 1862 இல், எதிரி கைப்பற்றிவிடக் கூடாதென்று அவர்களே அதன் அடியில் துளையிட்டு, புளோரிடாவின் ஓடை ஒன்றில் மூழ்கடித்தார்கள். வட மாநிலக் கடற்படை அதை மேலே தூக்கிப் பீரங்கி ஏற்றி, தென்கரைத் துறைமுகங்களை மறிக்கும் காவலுக்கு அனுப்பியது.

மீண்டும் ‘அமெரிக்கா’ என்றே அழைக்கப்பட்ட அந்தப் படகு, 1870 இல் தன் பெயர் தாங்கிய கோப்பைக்கே போட்டியிட்டு நான்காவதாக வந்தது. 1873 இல் அதை 5,000 டாலருக்கு வாங்கியவர் பெஞ்சமின் பட்லர், அதே போரில் வடபுறத்துத் தளபதியாக இருந்தவர். இருபது ஆண்டுகள், சாகும்வரை, அவர்தான் அதை வைத்திருந்தார். இத்தனை உரிமையாளர்களில் அதைப் படகாகவே நேசித்தவர் அவர் ஒருவர்தான் என்பது என் எண்ணம்.

1921 இல் ஒரு டாலர் விலைக்கு அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரிக்குச் சென்றது. பராமரிப்பில்லாமல் இற்றுப்போன படகைக் கரையேற்றிக் கொட்டகையில் வைத்திருந்தபோது, 1942 மார்ச்சில் பெய்த கடும்பனியின் பாரம் தாங்காமல் கூரை அதன்மேலேயே சரிந்தது. 1945 இல் மிச்சத்தையும் பிரித்து அழித்துவிட்டார்கள். கோப்பையோ 1983 வரை நியூயார்க் மன்றத்தை விட்டு அசையவே இல்லை.

அடுத்த முறை வரும்போது படகின் வரைபடத்தைக் கொண்டுவருகிறேன். புதுக் கண்ணால் அந்தப் பாய்களைப் பார்த்துவிட்டு நான் சொன்னது சரியா என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
கதிரேசன்