ஆய்வகத்துக்கு எந்தப் பொதி?

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளி ஆய்வகத்துக்கு லினக்ஸ் தேர்ந்தெடுப்போர் திரையழகைப் பார்க்கிறார்கள். மென்பொருள் எந்தப் பொதியாக (நிறுவல் கோப்பு வகையாக) வருகிறது என்று பார்ப்பதில்லை. உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் வகையில் ஃபயர்பாக்ஸ் உலாவியை, மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட் வழியே கேட்டாலும், ஸ்னாப் என்னும் வேறுவகைப் பொதிதான் இறங்கும். கணினிகள் பகிர்ந்துகொள்ளும் ஆப்ட் தேக்ககத்தில் (இறக்கிய கோப்புகளைச் சேமித்துவைக்கும் இடத்தில்) அது தங்காது. 30 கணினி என்றால் 30 தரவிறக்கம். மெதுவான இணைப்பில் அன்றைய வகுப்பு அவ்வளவுதான்!

இன்னொரு லினக்ஸ் வகையான டெபியனில் ஃபயர்பாக்ஸ் இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு), ஆப்ட் கையாளும் டெப் பொதியாகவே உண்டு. ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற தேக்கக மென்பொருளை நிறுவி, மற்றவற்றின் ஆப்ட் ப்ராக்ஸியை (இடைநிலைச் சேவையக அமைப்பை) அதன் 3142ஆம் போர்ட்டுக்குத் திருப்பினால், ஒவ்வொரு கோப்பும் இணையத்திலிருந்து ஒருமுறை வந்தால் போதும். பலர் சறுக்குமிடம் ஒன்று: களஞ்சிய முகவரி (ஆப்ட் பொதிகளை எடுக்கும் இணைய முகவரி) எச்டிடிபிஎஸ் என்றிருந்தால் எதுவும் தேங்காது. எச்டிடிபி என மாற்றுங்கள்; பயம் வேண்டாம். பொதிப் பட்டியலின் கையொப்பத்தை ஆப்ட் சரிபார்ப்பதால், வழியில் யாரும் கோப்பை மாற்றினால் நிறுவ மறுத்துவிடும்.

பழைய இயங்குதளத்தில் புதிய பதிப்பு வேண்டுவோருக்கு ஸ்னாப் நல்லதுதான். ஆய்வகத்துக்கு அல்ல.

– கணினி ஆய்வகப் பராமரிப்பாளர்கள்