உய்யக்கொண்டானில் தண்ணீர் நின்ற பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘அந்தத் திருச்சியில் அப்படி என்னதான் இருக்கிறது?’ என்று சென்னையில் இருக்கும் என் நாத்தனார் போனில் கேட்பாள். எதுவும் தூரமில்லை, அதுதான் இருக்கிறது. ஜாக்கெட் ஹூக் தீர்ந்துவிட்டால் டவுன் பஸ் ஏறித் தெப்பக்குளம் பக்கம் போய் வாங்கிக்கொண்டு, சோறு வடிக்கும் நேரத்துக்கு வீடு திரும்பிவிடுவேன். தனியார் பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலும் காதைக் கிழிக்கும் பாட்டும் உண்டு. பஸ் வேண்டும், பாட்டு வேண்டாம் என்றால் நடக்குமா? பழகிவிட்டோம். பழக முடியாதது எங்கள் உய்யக்கொண்டான் வாய்க்கால். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

புத்தூரில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள் நான். என் மிஷின் கிடக்கும் ஜன்னலுக்குக் கீழே வாய்க்கால். மேட்டூர் திறந்து, பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து தண்ணீர் எங்கள் தெருவுக்கு வந்து சேரும் நாளைப் பார்க்க வேண்டும். முதலில் நுரையும் குப்பையும் செருப்பும்தான் வரும். பையன்கள் கரையோடு கத்திக்கொண்டே ஓடுவார்கள். இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிடும். அதோடு ஜன்னல் காற்றே மாறிப்போகும். கோடை முழுக்க இருமிக்கொண்டிருந்த போர் மோட்டார் ஒழுங்காகத் தண்ணீர் எடுக்கும். கேபிள் ஒயரில் உட்கார்ந்து மீன்கொத்தி ஒன்று மீனைத் தட்டித் தட்டி விழுங்கும். அதைப் பார்த்துக்கொண்டே தைத்ததில் தையல் கோணிப்போய்ப் பிரித்திருக்கிறேன்.

ஆடிப்பெருக்குக்கு ஊரே ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகும். கூட்டத்துக்குப் பயந்த எங்கள் தெருப் பெண்கள் வாய்க்கால் படியிலேயே காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துக் கும்பிட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வோம். இதுவும் காவிரிதானே. ராஜராஜ சோழன் வெட்டிய வாய்க்கால் என்பார்கள். இன்றும் ஊரைத் தாண்டி வாழவந்தான்கோட்டை ஏரி வரை போய் வயலுக்குப் பாய்கிறது. 2024இல் மேட்டூரைத் திறக்க ஜூலை 28 ஆகிவிட்டது. 2025இல் வழக்கம்போல ஜூன் 12. அந்த ஒன்றரை மாதத்தின் அருமை கரையில் குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

வழக்கமாக ஜனவரி 28 வந்தால் மேட்டூரை மூடுவார்கள். அதன் பிறகு வாய்க்காலில் ஓடுவது காவிரி அல்ல, நம் வீட்டுச் சாக்கடை. மாசி பிறந்ததும் நாலு மணிக்கே ஜன்னலைச் சாத்திவிடுவேன். மிஷின் மிதிக்கும் காலைக் கொசு பிய்த்துவிடும் என்பதால் பங்குனி வெயிலிலும் சாக்ஸ் போட்டுக்கொண்டு தைக்கிறேன். போன வருடம் முகூர்த்தத்துக்கு முதல் நாள் கல்யாணப் பெண்ணின் அம்மா பட்டு ஜாக்கெட்டை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, ‘என்னம்மா, ஒரு மாதிரி வாடை வருது?’ என்றார். பட்டைத் துவைக்கவா முடியும்? ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் காற்றாட விட்டு, விடியற்காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூலியில் ஐம்பது ரூபாயைப் பிடித்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

எல்லாப் பழியையும் அதிகாரிகள் மேல் போட மாட்டேன். பாலத்தில் பைக்கை நிறுத்தி, சாமிக்குச் சாத்திய பூவைப் பிளாஸ்டிக் கவரோடு முடிச்சுப் போட்டு வீசிவிட்டு, கன்னத்தில் வேறு போட்டுக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இருட்டியதும் கோழிக் கழிவு மூட்டை ‘தொப்’பென்று விழும். ஆனால் சுத்தம் செய்கிற அழகையும் சொல்ல வேண்டும். தண்ணீர் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது பொக்லைன் வரும். ஆகாயத்தாமரையையும் சேற்றையும் வாரிக் கரையிலேயே குவிப்பார்கள். போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். ஒரு மழைக்குப் பாதி திரும்ப உள்ளே.

அதனால் கேட்கிறேன். தூர்வாருவதைப் பிப்ரவரியிலேயே ஆரம்பியுங்கள். வாரியதை அன்றைக்கே லாரியில் ஏற்றிவிடுங்கள். புத்தூரிலிருந்து பாலக்கரை வரை எந்தெந்தத் தெருச் சாக்கடை வாய்க்காலில் விழுகிறது என்று அந்த வறண்ட மாதங்களில் நடந்து பார்த்தாலே கண்ணுக்குத் தெரியும். முதலில் அவற்றை அடைக்க வழி பாருங்கள். நடைப்பயிற்சிக்கு ஆள் வரும் இடத்தில் மட்டும் பெயின்ட் அடிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பாலங்களுக்குக் கம்பி வலை போடுவதாக இருந்தால் எட்டடி உயரத்துக்காவது போடுங்கள். ஐந்தடி வலைக்கு மேலே மாலையை வீசுகிற கைப்பக்குவம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே உண்டு.

இப்படிக்கு,
வாய்க்கால் கரை வாசகி,
புத்தூர், திருச்சி – 17