பெட்ரோல் பங்க் தொழிலாளர்களுக்கு ரத்தப் பரிசோதனையும் கைகழுவும் இடமும் கோரும் மனு

அனுப்புநர்:
பெட்ரோல் பங்க் பெண் தொழிலாளர்கள்,
முள்ளோடை, பாகூர் கொம்யூன், புதுச்சேரி.

பெறுநர்:
உயர்திரு தொழிலாளர் ஆணையர் அவர்கள்,
தொழிலாளர் துறை, புதுச்சேரி.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

கடலூரை விட இங்கே பெட்ரோல் விலை குறைவு என்பது தாங்கள் அறிந்ததே. எல்லை தாண்டியதும் கண்ணில் படுவது எங்கள் பங்க்தான் என்பதால் டி.என். 31 என்ற கடலூர்ப் பதிவெண் வண்டிகளே பாதிக்கு மேல் வரும். ஞாயிறு காலையில் வரிசை சாலை வரை போய்விடும். அதில் எங்களுக்குக் குறை இல்லை. வியாபாரம் இருந்தால்தான் எங்களுக்கும் வேலை.

மணல் வாளி, தீயணைப்பான், 'செல்போன் பேசாதீர்' பலகை எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆய்வுக்கு வருகிறவர்கள் அவற்றைத்தான் பார்க்கிறார்கள். நாங்கள் எதைச் சுவாசிக்கிறோம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

காலி டேங்கில் இருப்பது வெறும் காற்றல்ல, பெட்ரோல் ஆவி கலந்த காற்று. ஒரு லிட்டர் ஊற்றினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆவிக்காற்று மேலே தள்ளப்பட்டு வெளியே வருகிறது. பைக்குக்குக் குனிந்து போடுகிறோம், அது நேராக முகத்தில் அடிக்கிறது. நோஸில் தானாக நின்ற பிறகும் "இன்னும் கொஞ்சம், மூடி வரைக்கும்" என்று கேட்பவர்கள் உண்டு. வழிந்தால் துடைப்பதும் நாங்கள்தான். துணி மாஸ்க் தூசிக்கு உதவும், ஆவிக்கு உதவாது.

இப்போதைய மாசுக் கட்டுப்பாட்டுத் தரமான பி.எஸ். 6 பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் என்ற ரசாயனம் இருக்கலாம். அது எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2025-இல் பெட்ரோலையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது.

போன கோடையில் லாரியிலிருந்து லோடு இறக்கும்போது பக்கத்தில் நின்ற எங்கள் பெண் ஒருத்தி தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். "வெயில்" என்று சொல்லி சோடா வாங்கிக் கொடுத்தார்கள். வெயிலாகவும் இருக்கலாம். ஆனால் பங்கின் நிலத்தடி டேங்க் நிரம்ப நிரம்ப உள்ளே இருந்த பெட்ரோல் ஆவி வெளியேறும். காற்றை விடக் கனமானது என்பதால் காற்றோட்டம் இல்லாவிட்டால் தாழ்வான இடத்தில் தேங்கும் என்று பயிற்சிக்கு வந்தவரே சொல்லிப் போனார். அதற்குப் பிறகும் லோடு வரும்போது எங்களை அங்கே நிறுத்துவது நிற்கவில்லை.

சோப்போடு கைகழுவ இடமில்லை. கிரீஸ் பட்ட கையைப் பெட்ரோலிலேயே துடைத்துக்கொண்டு சோற்றில் கை வைக்கிறோம். விரல்கள் வெடித்துவிட்டன, குழம்பு பட்டால் எரிகிறது. உடை மாற்ற அறை இல்லாததால் அதே யூனிஃபார்மோடு வீட்டுக்குப் போய், பிள்ளையின் பள்ளிச் சட்டையோடு சேர்த்துத் துவைக்கிறோம்.

ஆகவே, ஆண்டுக்கு ஒருமுறை முழு ரத்த அணுப் பரிசோதனையை உரிமையாளர் செலவில் செய்யவும், அறிக்கையை எங்கள் கையில் தரவும் உத்தரவிட வேண்டுகிறோம். பம்புகளுக்குத் தள்ளி, தண்ணீரும் சோப்பும் உள்ள இடமும், சாப்பிடவும் உடை மாற்றவும் ஒரு சிறு அறையும் வேண்டும். கர்ப்பிணிகளுக்குச் சம்பளம் குறையாமல் பில் போடும் வேலை தர வேண்டும். லோடு இறக்கப் பயிற்சி பெற்றவர்கள் மட்டும் நிற்கட்டும். பெட்ரோல் ஆவியை உறிஞ்சும் நோஸில் சில பெரிய நகரங்களில் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். இங்கும் வந்தால் நல்லது, ஆனால் அதற்காக சோப்பு காத்திருக்க வேண்டாம்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் எங்கள் பெயர்களைத் தனித்தாளில், உறையில் வைத்து இணைத்துள்ளோம். பங்க் நிர்வாகத்துக்கு அதைக் காட்ட வேண்டாம். ஆய்வுக்கு வருவதானால் முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு ஞாயிறு காலை 10 மணிக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
முள்ளோடை பங்க் தொழிலாளர்கள் 11 பேர்