எல்லையில் படை நிற்கட்டும், காணியில் காணிக்காரர் நிற்கட்டும்

பாதுகாப்பு அமைச்சுக்கும் தேசிய பாதுகாப்புச் சபைக்கும் வன்னியிலிருந்து எழுதுவது:

நாட்டுக்குப் பலமான படை வேண்டும் என்ற பக்கத்தில் நிற்பவர்கள் நாங்கள். சொத்து, குடும்பம், கோயில், தேவாலயம், ஊர்வழமை, எழுதப்பட்ட சட்டம் ஆகியவற்றைக் கெடுக்காமல் அடுத்த தலைமுறையின் கையில் கொடுப்பதே அரசியலின் முதல் வேலை என்று நம்புகிறோம். எல்லாவற்றையும் புரட்டிப்போடச் சொல்கிறவர்களோடு எங்களுக்கு ஒத்துவராது. ஆகவே இதைப் படைக்கு எதிரான கடிதம் என்று ஒதுக்கிவைக்க வேண்டாம். படை எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது, நின்ற இடத்தை விட்டுப் போகும்போது எந்த ஒழுங்கில் போக வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறோம்.

யுத்தம் என்ற சொல்லை வன்னியில் யாரும் இலேசாக எடுப்பதில்லை. 2009இல் சனவரி 21, பெப்ரவரி 12, மே 8 என மூன்று முறை பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் முந்தியதிலும் சிறியது. மூன்றுக்குள்ளும் செல் விழுந்தது. அதே காலத்தில் விடுதலைப் புலிகள் வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வெளியேறப் பார்த்த சனத்தை மறித்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் வீடு ஓர் எல்லையாகத் தெரியவில்லை. ஆயுதம் வைத்திருக்கும் எவரும் படலைக்கு வெளியே நின்றுவிட வேண்டும் என்ற எங்கள் பிடிவாதம் அங்கிருந்துதான் வருகிறது.

படலைக்கு உள்ளே இன்னும் நிற்பது படை முகாம், எங்கள் பேச்சில் காம்ப். இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்பிலவுச் சனத்தைச் சொந்த ஊரில் விடவில்லை. சீனியாமோட்டைப் பக்கம் மாதிரிக் கிராமம் என்று இறக்கினார்கள். ஊர்க் காணியில் படைத் தலைமையகம் இருந்தது. பிலக்குடியிருப்புச் சனம் 2017 சனவரி இறுதியில் றோட்டில் குந்தி, ஒரு மாதத்தில் காணியைத் திருப்பி எடுத்தது. கேப்பாப்பிலவின் மிச்சக் காணிக்கு அதே மார்ச்சில் போராட்டம் தொடங்கியது. 1992இல் வெளியேறிய இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக் கொடியோடு படகுகளில் தாங்களாகவே போய் இறங்கினார்கள். முள்ளிக்குளத்தில் கடற்படைத் தளம் ஊருக்குள் இருக்கிறது. சொந்தக் காணிக்குப் போக மறியல் போராட்டம் செய்ய வேண்டிய நாட்டில் சொத்துரிமை உறுதிப் பத்திரத்தில் இல்லை, காவலரணில் நிற்பவரின் மனதில்தான் இருக்கிறது. சொத்துரிமையை மதிக்கும் எவருக்கும் இது உறுத்த வேண்டும்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அரசுக்குத் தனியார் காணி தேவையென்றால் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தல் சட்டம் உண்டு. 2ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்ட வேண்டும், 4ஆம் பிரிவில் ஆட்சேபம் கேட்க வேண்டும், 5ஆம் பிரிவில் பொதுத் தேவையைப் பிரகடனம் செய்ய வேண்டும், நட்டஈடு தீர்மானித்துக் கொடுக்க வேண்டும். மிக அவசரமென்றால் 38ஆம் பிரிவின் காப்பு வாசகப்படி உடனே கையேற்கலாம். வன்னியில் படை இருக்கும் பல காணிகளில் இதில் எதுவும் நடக்கவில்லை. யுத்தத்தில் ஏறியது, இறங்கவில்லை. அப்படிப்பட்ட காணியைத் திருப்பிக் கொடுக்கப் புதுச் சட்டமும் வேண்டாம், வர்த்தமானியும் வேண்டாம். கழற்றிக்கொண்டு போனால் போதும்.

முறைப்படி எடுத்த காணியில்தான் ஒரு பொறி இருக்கிறது. எடுத்த காணியைத் திருப்பிக் கொடுக்க 39அ பிரிவு வழிவிடுகிறது, ஆனால் நான்கு நிபந்தனைகளோடு: நட்டஈடு கொடுத்திருக்கக் கூடாது, கையேற்றபின் பொதுத் தேவைக்குப் பாவித்திருக்கக் கூடாது, காணியில் மேம்பாடு எதுவும் செய்திருக்கக் கூடாது, காணிக்காரர் உடனே ஏற்பதாக எழுத்தில் சம்மதிக்க வேண்டும். மூன்றாவதைக் கவனியுங்கள். தற்காலிகம் என்று சொல்லிக்கொண்டு கொங்கிறீற் போட்டு ஒரு மாடிக் கட்டடம் எழுப்பினால் அந்தக் காணிக்கு 39அ வாசல் மூடிக்கொள்கிறது. எனவே முதலாவது வேண்டுகோள்: முடிவு தெரியாத எந்தத் தனியார் காணியிலும் நிரந்தரக் கட்டடம் கட்டுவதை இன்றே நிறுத்தி, அதை எழுத்து மூலமான கட்டளையாக்குங்கள்.

இனி மிதிவெடி. இலங்கை 2017 டிசெம்பர் 13ஆம் திகதி மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. வெடி அகற்றி முடிக்கும் கெடு 2028 யூன் 1. இதில் ஹலோ டிரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் என்ற வெடி அகற்றும் நிறுவனங்கள், இராணுவத்தின் மனிதாபிமான அகற்றல் பிரிவு எல்லாம் உழைத்திருக்கின்றன; யுத்தத்தில் கணவனை இழந்த பெண்கள் பலர் முழங்காலில் நின்று சுத்தம் செய்த நிலம் இது. ஆனால் காணி விடுவிப்பையும் வெடி அகற்றலையும் இரண்டு தனித் தண்டவாளமாக வைத்திருப்பதால் வருடக்கணக்கில் காலம் வீணாகிறது.

வேலை நடக்கும் முறை இது. முதலில் ஊர்ச் சனத்தையும், விபத்து நடந்த இடங்களையும், இரு தரப்பின் பழைய பதிவுகளையும் கொண்டு சந்தேக நிலத்தைக் கீறுவார்கள். பிறகு தொழில்நுட்ப அளவை. பிறகுதான் ஒரு மீற்றர் அளவு அகலமான ஒழுங்கைகளில் அகற்றல். இராணுவம் புதைத்த வெடிகள் பெரும்பாலும் வரிசையும் இடைவெளியும் உள்ளவை, அவற்றுக்குப் பதிவு உண்டு. புலிகளின் ஜொனி 95, ரங்கன் 99 அப்படியல்ல. மரத்தடியிலும் பங்கர் வாசலிலும் வாய்க்கால் கரையிலும் தனியாகக் கிடக்கும். ஜொனியின் மரப்பெட்டி உக்கிப்போனாலும் வெடிப்பான் உள்ளே உயிரோடு இருக்கலாம். வரிசையில் ஒரு வெடி குறைந்தால் அது வெடித்ததா, வெள்ளத்தில் அள்ளுண்டதா, யாரும் கிளறி எடுத்தார்களா என்று தெரியாது; சுற்றுவட்டம் முழுவதையும் அகலப்படுத்தித் தேட வேண்டும். பதிவை ஒழுங்காகக் கொடுத்தால் சில நாளில் முடியும் தேடல், கொடுக்காவிட்டால் மாதங்கள் எடுக்கும்.

முகமாலையை உதாரணமாக எடுங்கள். 2000ஆம் ஆண்டு ஆனையிறவு விழுந்த பிறகு, 2008 வரை பெரும்பாலான காலம் கிளாலிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையில் முன்னரங்கு அதிகம் அசையாமல் கிடந்தது. செல் சிதறல் மண் முழுக்க இருப்பதால் உலோகம் கண்டறியும் கருவி ஓயாமல் கத்தும். சீனத் தயாரிப்பான 72 வகை வெடியிலோ உலோகம் மிகக் குறைவு. அதனால் கருவியை வைத்துவிட்டு, கனமான வாருகோலாலும் மெல்லிய வாருகோலாலும் மண்ணை அடுக்கடுக்காக வாரி எடுக்கிறார்கள். மண் அணைகள் இதிலும் மோசம். அணை சரியச் சரிய வெடி ஆழமாகப் போய்விடும். கவசமிட்ட இயந்திரத்தால் அணையை வெட்டி, மண்ணைத் தட்டையான தரையில் பரப்பி, கண்ணாலே பார்த்துப் பார்த்துத் தள்ள வேண்டும். வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் பள்ளக் காணியில் வேலை நின்றுவிடும்.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறோம் என்றால், காம்ப் இருக்கும் காணிக்குள் இந்த அளவை பெரும்பாலும் நடப்பதில்லை. காம்பைச் சுற்றிப் புதைத்தவை இருந்தால் அந்த விபரம் படையிடம் மட்டுமே இருக்கும். படை ஒருநாள் காலையில் போய்விடும், பிரதேச செயலர் பத்திரம் கொடுப்பார், சனம் உள்ளே போய் மண்வெட்டி போடும். அங்கேதான் கால் போகிறது. கிணறுகளும் அப்படித்தான். வெடிபொருளைக் கிணற்றில் தள்ளி மூடியது வன்னியில் பல இடங்களில் நடந்தது. தண்ணீர் இறைத்து, அடிமண் எடுத்து, சோதித்து எழுதிக் கொடுக்காத கிணற்றில் வாளி போடவே கூடாது.

ஆகவே ஒழுங்கு இப்படி இருக்க வேண்டும். வெளியேறும் திகதிக்கு ஆறு மாதம் முந்தி, அந்தக் காம்பின் வெடிப் பதிவுகளும் சுற்றுவேலி வரைபடமும் தேசிய கண்ணிவெடி நடவடிக்கை மையத்திடம் போக வேண்டும். படை உள்ளே இருக்கும்போதே அளவை தொடங்க வேண்டும். புதைத்த இடம் தெரிந்த சிப்பாய் மாற்றலாகிப் போய்விட்டால் அந்த அறிவும் போய்விடும். வெடி அகற்றி, தரப் பரிசோதனை முடிந்து, முடிவறிக்கை மாவட்டச் செயலரிடம் வந்த பிறகே பங்கர் மூடுவதும் அணை தட்டுவதும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: புல்டோசர் முதலில் வந்து அணையைத் தட்டிப் பரப்பிவிடுகிறது. ஓர் இடத்தில் இருந்த ஆபத்து பத்துப் பரப்புக்குப் பரவிவிடும்.

அடுத்தது எல்லை. கிளுவை வேலியும் பூவரசும் போய்விட்டன. உறுதியில் எல்லையாகச் சொல்லியிருப்பதோ வடக்கே இன்னார் காணி, தெற்கே ஒழுங்கை என்று. அந்த இன்னார் கனடாவில். வன்னியில் உறுதிக் காணியை விடப் பேர்மிட் (அரச அனுமதிப் பத்திரம்) காணிதான் கூட. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தவை. பேர்மிட்டும் எரிந்து, பிரதேச செயலகத்துப் பேரேடும் அழிந்த இடத்தில் ஒரே சாட்சி நில அளவைத் திணைக்களத்தின் பழைய படம்தான். நில அளவையாளர் வெடி அகற்றியவர்களுக்குப் பின்னாலேயே வர வேண்டும், இரண்டு வருடம் கழித்தல்ல. பிந்தினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: கைவிட்ட வயலில் காடு ஏறுகிறது, வனத் திணைக்களம் அதைக் காடு என்று எல்லைக் கல்லுப் போடுகிறது, ஆமி விட்ட காணியைக் கமக்காரர் இன்னொரு திணைக்களத்திடம் கேட்டு அலைகிறார்.

காணியோடு ஒட்டிய இன்னொன்று. பண்ணை நடத்துவதும், வீதியோரத்தில் தேநீர்க்கடை போடுவதும், மரக்கறி விற்பதும் படையின் தொழிலல்ல. சம்பளம் திறைசேரியிலிருந்து, காணி இலவசம். அந்த விலையோடு கடன் எடுத்துக் கத்தரி வைத்தவர் போட்டி போட முடியாது. சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளி ஆசிரியைகளுக்குச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு எங்களை இன்னும் வருத்துகிறது. அந்த ஆசிரியைகளுக்கு அந்த வருமானம் தேவை, அதைப் பறிக்கச் சொல்லவில்லை. அதே சம்பளத்தை மாகாணக் கல்வி அமைச்சு ஊடாகக் கொடுங்கள். நாலு வயதுப் பிள்ளையின் படிப்பு தாய்தகப்பனுக்கும் ஊருக்கும் உரியது. பாதுகாப்பு அமைச்சின் கோப்புக்குள் அதற்கு இடமில்லை.

இவ்வளவு காம்ப் இருந்தால்தானே பாதுகாப்பு என்பீர்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் அதற்குப் பதில். தாக்குதல் வரப்போகிறது என்ற தகவல் ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து வந்துவிட்டது. மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலும் 250க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று படையில் ஆள் குறையவில்லை. வந்த கடிதத்தை வாசித்துச் செயற்படுவதில்தான் குறை இருந்தது. பொறுப்பாக இருந்தவர்கள் கடமை தவறினார்கள் என்று உயர் நீதிமன்றமே 2023 சனவரியில் தீர்ப்பளித்து நட்டஈடு கட்டச் சொன்னது.

உண்மையான எல்லை கடலில் இருக்கிறது. 1974, 1976 ஒப்பந்தங்களால் கீறிய கடல் எல்லையைத் தாண்டி இந்திய இழுவைப் படகுகள் வந்து, மன்னார் தொடங்கி முல்லைத்தீவு வரை அடிக்கடலை வாரிக்கொண்டு போகின்றன. வலை அறுந்த தொழிலாளிக்கு யாரும் நட்டஈடு கொடுப்பதில்லை. இழுவைமடியைத் தடைசெய்த 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுப் படகுகளின் தண்டத்தைப் பல மடங்கு கூட்டிய 2018 திருத்தமும் இருக்கிறது. கேரளக் கஞ்சா வந்திறங்குவதும் இதே கரையில்தான். முள்ளிக்குளத்து ஊர்மனையைக் காக்கும் ஆட்களும் எரிபொருளும் அந்தக் கடலில் நிற்கட்டும். கடற்படை அதைச் செய்யும்போது முதலில் கைதட்டுவது நாங்களாகத்தான் இருக்கும்.

செலவையும் சொல்ல வேண்டும். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கு 442 பில்லியன் ரூபா. இராணுவத்தின் 200,783 என்ற அனுமதித்த ஆளணியை 2024க்குள் 135,000 ஆகவும் 2030க்குள் 100,000 ஆகவும் குறைப்பதாக அரசே 2023 சனவரியில் அறிவித்தது. ஆளைக் குறைத்துவிட்டு நிலத்தைக் குறைக்காவிட்டால், குறைந்த சிப்பாய்கள் அதே நீள வேலியைக் காத்துக்கொண்டு நிற்பார்கள். ஆளணி குறையும் ஒவ்வொரு வருடமும் எத்தனை ஏக்கர் திரும்புகிறது என்ற கணக்கையும் பாராளுமன்றத்தில் வையுங்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் பற்றிச் சுருக்கமாக: 1979இல் மூன்று வருடத்துக்கு என்று கொண்டுவந்த தற்காலிக ஏற்பாடு, 1982இல் நிரந்தரமானது. பொலிஸ் உதவி அத்தியட்சருக்குக் கொடுத்த வாக்குமூலத்தை நீதிமன்றில் சாட்சியாக ஏற்கும் 16ஆம் பிரிவு சாதாரணச் சாட்சியச் சட்டத்துக்கே முரணானது. மரபான சட்டத்தை நம்புகிறவர்கள் அதை நீக்கச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காலபோக விதைப்பு ஒக்டோபர் மழையோடு தொடங்கும். அதற்கு முந்திப் புழுதி உழவு வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் படை வசமுள்ள வயற்காணிகளின் பட்டியலை, ஏக்கர், கிராம அலுவலர் பிரிவு, எடுத்த முறை, வெளியேறும் திகதி ஆகிய நான்கு விபரங்களோடு, ஆவணி முடிய முன்பு ஒவ்வொரு கச்சேரிப் (மாவட்டச் செயலகம்) பலகையிலும் தமிழில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
வன்னிக் கமக்காரரும் கடற்றொழிலாளரும் காணி அலுவல் அறிந்தவர்களும்