சனிக்கிழமை புரூஜ் பயணம்

உறுப்பினர்களுக்கு வணக்கம். சனிக்கிழமை காலை 8 மணிக்கு பிரஸ்ஸல்ஸ் மத்திய ரயில் நிலைய வாசலில் கூடுவோம். புரூஜுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். தெருக்களில் கருங்கல் பாவியிருக்கிறார்கள். குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம். சென்ற முறை நான் பட்ட பாடு போதும்.

நேராகக் குரூனிங்க அருங்காட்சியகத்துக்குப் போகிறோம். யான் வான் எய்க் 1436-இல் முடித்த மரியாள் ஓவியத்தின் முன் அவசரப்படாமல் நில்லுங்கள். வலப்பக்கம் மண்டியிட்டிருக்கும் முதிய பாதிரியார் வான் டெர் பாலேதான் அதை வரையச் சொன்னவர். கையில் மூக்குக்கண்ணாடி, முகமெல்லாம் சுருக்கம். பணம் கொடுத்தவர் என்பதற்காக ஓவியர் ஒரு சுருக்கத்தைக்கூடக் குறைக்கவில்லை! அவருக்குப் பின்னால் நிற்கும் புனித ஜார்ஜின் கவசத்தில் மிகச் சிறிய உருவம் ஒன்று பிரதிபலிக்கிறது. அது வான் எய்க்தான் என்பது பலரின் கருத்து. கண்டுபிடிப்பவருக்கு என் செலவில் ஒரு வாஃபிள்.

குழந்தைகளோடு வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜெரார்ட் டேவிட் 1498-இல் நகர மன்றத்துக்காக வரைந்த இரட்டைப் பலகை ஓவியத்தில், லஞ்சம் வாங்கிய நீதிபதியை உயிரோடு தோலுரிக்கிறார்கள். தீர்ப்பு சொல்பவர்களின் கண்ணில் படும்படி மாட்டவே அதை வரைவித்தார்கள். எனக்குப் பிடித்த ஓவியம். ஆனால் மதிய உணவுக்குப் பிறகு பார்க்க ஏற்றதல்ல.

நேரமிருந்தால் பக்கத்திலுள்ள அன்னை மரியாள் தேவாலயத்தில் மைக்கலாஞ்சலோவின் பளிங்குச் சிலையையும் பார்க்கலாம்.

வருபவர்கள் வியாழன் மாலைக்குள் இங்கே பெயரைப் பதியுங்கள். டிக்கெட் அவரவர் பொறுப்பு.