பல்லாவரத்தைப் பற்றி உங்கள் பிள்ளைகள் உங்களிடம் கேட்கப்போகிறார்கள்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தப் பருவத்தில் 'எங்க ஊர்' என்று ஒரு செயல்திட்டம் செய்கிறார்கள் என்று டைரியில் எழுதி அனுப்பியிருந்தோம். அதற்குள் சில பிள்ளைகள் சார்ட் அட்டையோடு வந்துவிட்டார்கள். மெரினா கலங்கரை விளக்கம், சென்ட்ரல் ஸ்டேஷன், எல்.ஐ.சி. கட்டடம் எல்லாம் கலர் பிரிண்ட் எடுத்து, ஓரமெல்லாம் ஜிகினா ஒட்டி, ரொம்ப நேர்த்தி. ஆனால் நாம் இருப்பது பல்லாவரம், நிர்வாகப்படி சென்னை மாநகராட்சியில்கூட நாம் இல்லை. "ராத்திரி அம்மாதான் மிஸ் ஒட்டுனாங்க" என்று ஒரு குழந்தை உண்மையையும் போட்டு உடைத்துவிட்டது. அந்த அம்மாவை நான் குறை சொல்லவில்லை, நாளைக்கு சப்மிஷன் என்று இரவு ஒன்பது மணிக்குச் சொல்லும் பிள்ளையை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது? ஆனால் இந்த முறை அட்டை வேண்டாம். பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு நீங்கள் உட்கார்ந்து பதில் சொன்னால் போதும்.

நம் ஊர் என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டால் ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக், ஏர்போர்ட், வெள்ளிக்கிழமை சந்தை, அதோடு முடிந்துவிடுகிறது. இந்தியாவின் பழங்கற்கால ஆராய்ச்சியே இந்த ஊரில்தான் தொடங்கியது என்று சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. 1863 மே 30 அன்று, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர், இங்கே ராணுவப் பரேடு மைதானத்துக்குப் பக்கத்தில் சரளைக்கல் தோண்டிய ஒரு குழியில் கிடந்த குவார்ட்சைட் கல்லை எடுத்துப் பார்க்கிறார். உள்ளங்கையில் பிடிக்கிற அளவு, ஒரு முனை கூராக, இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்தது. தானாக உடைந்த கல் இல்லை, மனிதன் செய்த கைக்கோடரி. இந்த நாட்டில் அவ்வளவு பழங்காலத்திலேயே மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சாட்சி அதுதான். அதே ஆண்டு செப்டம்பரில் கொசஸ்தலை ஆற்றங்கரை அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கிடைத்தன. அந்த இடத்தின் கருவிகள் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று பிற்காலத்தில் கணக்கிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் தினமும் சைக்கிள் மிதித்து வருகிற தெருவுக்கு அடியில் இருப்பதும் இப்படிப்பட்ட மண்தான். இதற்கு ஒரு பெரிய நினைவுச்சின்னமாவது ஊருக்கு நடுவில் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம், அதை இங்கே விரித்தால் கடிதம் முடியாது.

ஜமீன் பல்லாவரம் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தொல்லியல் துறையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேல்மாடி எடுக்கப் போனால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கேட்கிறார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் புலம்பியவர்கள் உண்டு. ஏன் கேட்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அங்கே பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள், அதாவது அந்தக் காலத்துப் புதைகுழிகள், இருக்கின்றன, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கட்டக் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியலாளர் பல்லாவரம் மலைச்சரிவில் எடுத்த சுடுமண் ஈமப்பேழை, வரிசையாகக் குட்டைக் கால் வைத்துத் தொட்டி மாதிரி இருக்கும், எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீட்டுப் பத்திரமும் பிளான் அப்ரூவலும் இறந்தவர்களைப் புதைத்த அந்தப் பழைய மனிதர்களும் ஒரே பாடத்தில் வருவது இந்த ஊரில் மட்டும்தான் நடக்கும்.

நம் மலைக்கும் சுற்றுவட்டார மலைகளுக்கும் கல் ஒன்றுதான், சார்னோகைட். வயது சுமார் 250 கோடி ஆண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவருடைய கல்லறைக் கல்லும் இதே வகை என்று ஹாலண்ட் என்ற புவியியலாளர் கண்டு அந்தப் பெயரை வைத்தார், இன்று உலகம் முழுக்க அதுதான் பெயர். இந்தக் கல்லைக் குடைந்து ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் ஐந்து அறைகள் கொண்ட குடைவரைக் கோயில் செய்தான், தன் பட்டப்பெயர்களையும் அதில் வெட்டிவைத்தான். இன்று அது தர்கா. எல்லா மதத்துக்காரர்களும் போகிறார்கள், நாங்களும் அனுமதி கேட்டுப் பிள்ளைகளை அழைத்துப் போகப்போகிறோம்.

அப்புறம் தண்ணீர். மழைக்காலத்தில் எந்தத் தெருவில் முழங்கால் அளவு நிற்கிறது என்பது பிள்ளைகளுக்கு அத்துப்படி, ஏன் நிற்கிறது என்பது தெரியாது. கிழக்கே விழுகிற மழை பல்லாவரம் பெரிய ஏரி, கீழ்க்கட்டளை ஏரி, நாராயணபுரம் ஏரி என்று ஒன்று நிரம்பி அடுத்ததில் விழுந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டும். மேற்கே பம்மல், அனகாபுத்தூர் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றுக்குப் போக வேண்டும். பெரிய ஏரியை இரண்டாக வெட்டிக்கொண்டு துரைப்பாக்கம் ரேடியல் ரோடு போகிறது, ஏரிக்குள் குப்பையும் கொட்டினார்கள். போகிற வழியை அடைத்தால் தண்ணீர் தெருவுக்குத்தானே வரும்? 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது விமான நிலையமே சில நாள் மூடிக் கிடந்தது, அந்த வாரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். திருநீர்மலைக்கு வந்த திருமங்கையாழ்வார் மலையைச் சுற்றிலும் நீர் சூழ்ந்திருந்ததால் வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்தார் என்று தல வரலாறு சொல்கிறது. இந்த நிலத்தில் தண்ணீர் எப்படித் தேங்கும் என்பது அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது, நம் லேஅவுட் போட்டவர்களுக்குத்தான் தெரியவில்லை.

மனிதர்களைப் பற்றி எழுதத்தான் நீங்கள் வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் ஓய்வு பெற்ற வெள்ளைக்காரச் சிப்பாய்கள் குடியிருந்த வெட்டரன் லைன்ஸ் இன்னும் அதே பெயரோடு இருக்கிறது, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் இருக்கின்றன. கிறித்தவக் கல்லூரி வேலையை விட்டுவிட்டு 1911-இல் இங்கே வந்து குடியேறிய மறைமலையடிகள், 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தை இங்கிருந்துதான் தொடங்கினார். அனகாபுத்தூர் நெசவாளர்கள் நெய்த கட்டம் போட்ட துணி கப்பலேறி நைஜீரியா போனது, அந்த ஏற்றுமதி படுத்தபிறகு அவர்கள் சேலைக்கு மாறினார்கள், வாழைநாரில்கூட நெய்கிறார்கள். நாகல்கேணி, பம்மல் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கான வீட்டில் அடுப்பெரிய வைத்தன, நிலத்தடி நீரையும் கெடுத்தன. இரண்டையும் பிள்ளைகள் எழுதட்டும். அங்கே வேலை பார்த்த தாத்தா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், எங்கள் சமூக அறிவியல் ஆசிரியர் நேரிலேயே வந்து கேட்கத் தயார்.

1931-லேயே கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார ரயில் வந்துவிட்டது. வேலைக்குப் பட்டணம், படுக்கைக்குப் பல்லாவரம் என்ற வாழ்க்கை அதிலிருந்து வளர்ந்ததுதான். நம்மில் பாதிப் பேர் வேறு மாவட்டத்திலிருந்து, சிலர் வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்கள். "எங்களுக்கு இந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது சார், நாங்க வாடகைக்கு வந்தவங்க" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஏன் வந்தீர்கள், முதலில் எந்தத் தெருவில் வீடு பார்த்தீர்கள், அட்வான்ஸ் எவ்வளவு கேட்டார்கள், இதெல்லாமும் ஊரின் வரலாறுதான். 2021-இல் பல்லாவரம் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது, ராணுவக் கன்டோன்மென்ட் பகுதி தனி வாரியமாக நிற்கிறது. உங்கள் வீட்டுக் குப்பை யார் கணக்கில் வருகிறது என்பதைப் பிள்ளையோடு சேர்ந்து கண்டுபிடியுங்கள், அது ஒரு நல்ல கேள்வி.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். பழைய ரேஷன் கார்டு, போட்டோ, சீசன் டிக்கெட் எதுவானாலும் செல்போனில் படம் எடுத்து அனுப்புங்கள், அசலைக் கொடுத்துவிட வேண்டாம், பையில் டிபன் பாக்ஸ் கசிந்தால் நாங்கள் பொறுப்பேற்க முடியாது. சந்தை வெள்ளிக்கிழமைதான் என்பதால் அன்று முதல் இரண்டு பீரியடில் பழைய டிரங்க் ரோட்டில் சந்தையைப் பார்க்கப் போகிறோம். பழைய மிக்சி ஜார் விற்பவர், புறா விற்பவர், செடி விற்பவர் என்று ஆளுக்கு ஒருவரிடம் பேசி எழுத வேண்டும். கையில் காசு கொடுத்து அனுப்பாதீர்கள், புறாவோடு வகுப்புக்கு வந்தால் சமாளிக்க முடியாது. அதற்கு அடுத்த வாரம் சனிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகம், மின்சார ரயிலில்.

கல்குவாரிக் குட்டைகளுக்குப் பிள்ளைகளைத் தனியாக அனுப்பவே கூடாது. செயல்திட்டத்துக்குப் படம் எடுக்கப் போகிறேன் என்று சொன்னாலும் விடாதீர்கள். ஆழம் தெரியாத இடம் அது. நாங்கள் யாரையும் அங்கே போகச் சொல்லவில்லை.

கூட நடந்து வர இரண்டு மூன்று பெற்றோர் தேவை, வர முடிந்தவர்கள் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். ஒப்புதல் சீட்டு இந்தக் கடிதத்தின் கீழே இருக்கிறது, கையெழுத்தை நீங்களே போடுங்கள், அண்ணன் போட்டது எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்