ப்ரொபோசல எழுத வைக்கிறதுக்கு முன்னாடி பேச வைங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

சட்டம், கிரிமினாலஜி (குற்றவியல்) படிக்கிற பசங்க ஆய்வு தொடங்குறதுக்கு முன்னாடி எழுதித் தர்ற ரிசர்ச் ப்ரொபோசலுக்கு நடக்குற வைவாவுல, அதாவது நேர்ல கேள்வி கேக்குற தேர்வுல, பேனல் மெம்பரா பல வருஷமா உக்காந்துட்டு இருக்கேன். சமீபத்துல நடந்த ஒண்ணு மனசவிட்டுப் போகவே மாட்டேங்குது, அதான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கோங்க.

எல்எல்எம், அதாவது சட்டத்துல மேல்படிப்பு படிக்கிற பொண்ணு ஒருத்தி 40 பக்கத்துக்கு ப்ரொபோசல் எழுதி பைண்டிங் எல்லாம் போட்டு கொண்டு வந்திருந்தா. தலைப்பு "ஜாமீன் சட்டம்: ஒரு விமர்சன ஆய்வு". அறிமுகம், நோக்கங்கள், ஹைபாதிசிஸ் (ஆய்வுல சோதிச்சுப் பாக்கப் போற கருத்து), லிட்ரேச்சர் ரிவ்யூ, மெத்தடாலஜி, அத்தியாயப் பிரிப்பு, எதுவும் விட்டுப்போகல. "சரிம்மா, நீ எதைக் கண்டுபிடிக்கப் போற?"ன்னு கேட்டேன். தலைப்பப் படிச்சா. திரும்பக் கேட்டேன், நோக்கங்கள் பக்கத்தப் படிச்சா. மூணாவது தடவ கேட்டப்போ பேச்சு வரல, கண்ணு கலங்கிடுச்சு. வெளிய வராண்டாவுல நின்னுட்டு இருந்தவகிட்ட இந்த டாபிக்க ஏன்மா எடுத்தன்னு சும்மா கேட்டதுக்கு மடமடன்னு சொல்றா, மேடம் நான் இன்டர்ன்ஷிப் போன எடத்துல ஜாமீன் ஆர்டர் கெடச்சும் ஆளு ஜெயில விட்டு வெளிய வராம கெடக்குறத பாத்தேன், ஒருத்தருக்கு ஆர்டர் வந்து ரெண்டு மாசம் ஆச்சு, ஜாமீன்தாரர் கெடைக்கலயா, ஆர்டர் காப்பி போய்ச் சேரலயா, வீட்டுக்கே தகவல் தெரியலயா, யாருக்கும் தெரியல, அத தெரிஞ்சுக்கணும்னுதான் எடுத்தேன்னு. எவ்ளோ அருமையான கேள்வி! அந்த 40 பக்கத்துல ஒரு எடத்துலயும் அது இல்ல.

இது அந்தப் பொண்ணோட தப்பு இல்ல. நாங்க வாத்தியாருங்க அவளுக்கு ஃபார்மட்டத்தான் குடுத்தோம், உன் கேள்வி என்னன்னு உக்கார வெச்சு யாரும் கேக்கல. மொத மொத கேள்வி கேக்குறது வைவாவுலதான், அதுவும் மார்க் போடுற அன்னைக்கு.

ரெண்டு துறைப் பசங்ககிட்டயும் ரெண்டு விதமான பழக்கம் இருக்கு, ரெண்டையும் சரி பண்ணணும். சட்டம் படிக்கிற பசங்க மூட் கோர்ட்ல, அதாவது பயிற்சிக்காக நடத்துற மாதிரி நீதிமன்றத்துல பழகினவங்க, நல்லா பேசுவாங்க, ஆனா அங்க ஒரு பக்கம் நின்னு ஜெயிக்கணும், எதிர்ல இருக்குறவங்க பாயின்ட்ட ஒடைக்கணும். அதே பழக்கத்த ப்ரொபோசலுக்கும் கொண்டு வந்துடுறாங்க. ஹைபாதிசிஸ்னு போட்டு "தற்போதைய சட்டம் போதுமானதாக இல்லை"ன்னு ஒரு வரி, வருஷா வருஷம் டாபிக் மட்டும் மாறுது, இந்த வரி மாறாது. சரிப்பா, சட்டம் போதும், நடைமுறையிலதான் கோளாறுன்னு உன் டேட்டா காட்டினா ஒத்துக்குவியா, எந்த மாதிரி ஆதாரம் வந்தா நீ சொல்றது தப்புன்னு ஆகும்னு கேட்டா முழிக்கிறாங்க. வக்கீலா வாதாடும்போது தன் பக்கத்து ஓட்டைய தானே காட்டக்கூடாது, ஆனா ப்ரொபோசல டிஃபெண்ட் பண்றப்போ அத மொதல்ல நீயே காட்டணும். இந்த வித்தியாசத்த யாராவது ஒரு வகுப்புல தெளிவா சொல்லியிருந்தா போதும், பாதிப் பேர் தேறிடுவாங்க.

கிரிமினாலஜி பசங்க கதை வேற. கேள்வித்தாள் ரெடியா இருக்கும், எதுக்குன்னு பின்னாடி யோசிப்பாங்க. சாம்பிள் 100 பேர். ஏன் 100ன்னு கேட்டா சீனியர் 100 எடுத்தாருன்னு பதில். ஜெயில்ல இருக்குறவங்ககிட்ட மட்டும் பேசி, இவங்க வீட்டுல சண்டை இருந்திருக்கு, அதனால வீட்டுச் சண்டைதான் குற்றத்துக்குக் காரணம்னு முடிவு பண்ணப் போறாங்க. வெளிய இருக்குறவங்க வீட்டுல சண்டை இல்லையா, யாரோட ஒப்பிட்டுப் பாத்தீங்க? இதே தப்பு இந்தத் துறை ஆரம்பிச்ச காலத்துலயே நடந்ததுதான். 1876ல இத்தாலி டாக்டர் லோம்ப்ரோசோ, பிறவிக் குற்றவாளிக்குன்னு தனி ஒடம்பு அடையாளம் இருக்குன்னு எழுதினாரு, ஒழுங்கான ஒப்பீட்டுக் குழு இல்லாமலேயே அது வருஷக்கணக்கா ஓடுச்சு, அப்புறம் 1913ல ஜெயில் டாக்டர் சார்லஸ் கோரிங் இங்கிலாந்துல சுமார் 3000 கைதிங்க அளவ எடுத்து குற்றம் செய்யாதவங்க அளவோட ஒப்பிட்டுப் பாத்துட்டு அப்படி தனி உடல்வாகு ஒண்ணும் இல்லைன்னு காட்டினாரு. பாடத்துல ரெண்டு பேரையும் பசங்க படிக்கிறாங்க, பரீட்சையில எழுதுறாங்க. தன்னோட ப்ரொபோசலுக்கும் கோரிங் கேட்ட அதே கேள்விதான்னு யாரும் சொல்லித்தர்றதில்ல.

இன்னொண்ணு, திட்டங்கள மதிப்பிடுறேன்னு வர்ற ப்ரொபோசல்கள். சீர்திருத்தப் பயிற்சி முடிச்சவங்ககிட்ட "இது உங்களுக்கு உதவியா இருந்துச்சா"ன்னு கேப்போம், ஆமான்னு சொன்னா திட்டம் வெற்றி. இங்க நான் எப்பவும் அமெரிக்காவுல மசாசூசெட்ஸ்ல 1939ல ஆரம்பிச்ச கேம்பிரிட்ஜ் சாமர்வில் ஆய்வ சொல்லுவேன். 500க்கும் மேல பையன்களை ஒரே மாதிரி ஜோடி ஜோடியா பிரிச்சு, காசு சுண்டிப் போட்டு ஒருத்தனுக்கு ஆலோசகர் உதவி, இன்னொருத்தனுக்கு ஒண்ணும் இல்லைன்னு வெச்சாங்க. திட்டம் முடிஞ்சு சுமார் 30 வருஷம் கழிச்சு ஜோன் மெக்கார்ட்ங்கிற ஆய்வாளர் அவங்கள தேடிப் பிடிச்சு 1978ல எழுதினது என்னன்னா, உதவி கெடச்சவங்கள்ல பெரும்பாலானவங்க எங்களுக்கு நல்லதுதான் நடந்துச்சுன்னு சொல்றாங்க, ஆனா பதிவுகளப் பாத்தா குற்றம் குறையல, சில விஷயத்துல அவங்க நெலமை மத்தவங்களவிட மோசமாவே இருந்துச்சு. இத ஒரு தடவ கேட்ட பையன் அப்புறம் திருப்திய மட்டும் அளந்துட்டு வர மாட்டான்.

இதவிட எனக்கு பயமா இருக்குறது ரகசியம் காப்போம்னு குடுக்குற வாக்கு. எல்லா ப்ரொபோசல்லயும் "தகவல்கள் ரகசியமாக வைக்கப்படும்"னு ஒரு வரி இருக்கு, பழைய ப்ரொபோசல்ல இருந்து காப்பி ஆகி வர்ற வரி. பேட்டி குடுக்குறவரு இதுவரைக்கும் போலீசுக்குத் தெரியாத ஒரு குற்றத்த உங்ககிட்ட சொன்னா என்ன பண்ணுவீங்க? வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவுல இருக்குற சட்டப் பாதுகாப்பு ரிசர்ச் பண்றவருக்கும் இருக்கும்னு நம்பிட்டு இருக்காங்க, பெரும்பாலான எடத்துல அப்படி இல்ல. அமெரிக்காவுல இருக்குற பாஸ்டன் காலேஜ், வட அயர்லாந்து ஆயுதக் குழுக்கள்ல இருந்தவங்ககிட்ட, நீங்க சாகுற வரைக்கும் இது வெளிய வராதுன்னு சொல்லி பேட்டி எடுத்து வெச்சிருந்தாங்க, 2011ல அத கேட்டு சம்மன் வந்துச்சு, கோர்ட்ல போராடியும் கடைசியில சில பேட்டிங்க போலீஸ் கைக்குப் போச்சு. பெரிய காலேஜாலயே காப்பாத்த முடியாத வாக்க ஒரு ஸ்டூடன்ட் எப்படி காப்பாத்துவான்? சட்டம் படிக்கிற பசங்க இந்த எடத்துல கிரிமினாலஜி பசங்களுக்கு எவ்ளோ உதவலாம், ஆனா ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல உக்கார வைக்கிற வழக்கம் நான் போன பல எடத்துல இல்ல.

பேனல்ல இருக்குற எங்களப் பத்தியும் சொல்லணும். ஃபான்ட் சைஸ், மார்ஜின், ஃபுட்நோட்ல கமா, இதுலயே அரை மணி நேரம் போயிடுது. சிலர் கத்தறதத்தான் டிஃபென்ஸ்னு நெனச்சுக்குறாங்க. பயந்துபோன பையன் எல்லாத்துக்கும் "ஓகே சார், மாத்திடுறேன் சார்"னு சொல்லிட்டுப் போயிடுறான், ஒண்ண ஏன் மாத்தணும், ஒண்ண ஏன் மாத்தக்கூடாதுன்னு அவனுக்கு ஒண்ணும் புரியல. ஒரு பேனல் மெம்பர் தப்பா ஒரு யோசனை சொன்னா, இல்ல சார் இந்தக் காரணத்தால அத செய்யலைன்னு மரியாதையா சொல்லத் தெரியணும், அப்படி சொன்னா மார்க் கூடணுமே தவிர கொறையக்கூடாது.

அதனால என்னோட கோரிக்கை ஒண்ணுதான். மொதல்ல எழுத வைக்காதீங்க, பேச வைங்க. ஸ்லைடு இல்லாம அஞ்சு நிமிஷம், எனக்கு இது தெரியணும், இதனாலதான் தெரியணும், இப்படித்தான் தேடுவேன், இவ்ளோதான் என்னால முடியும். கூடப் படிக்கிறவங்க கேள்வி கேக்கட்டும், சட்டப் பசங்க பேசும்போது கிரிமினாலஜி பசங்க கேக்கட்டும், அப்படியே மாத்தியும். அப்புறம் ஒரே ஒரு பக்கம் எழுதிட்டு வரட்டும், திரும்ப கேள்வி. ஒரு செமஸ்டர்ல நாலஞ்சு தடவ இது நடந்தா 40 பக்கம் தானா வரும், வராட்டியும் பரவால்ல. வைவாவுல "இது எனக்குத் தெரியல, ஆனா இப்படிப் போய் கண்டுபிடிப்பேன்"ங்கிற பதிலுக்கு தனியா மார்க் வைங்க.

அந்தப் பொண்ணு திரும்ப வந்தா. இந்த தடவ நாலு பக்கம்தான். ஆர்டர் தேதி கோர்ட் பதிவுல, வெளிய விட்ட தேதி ஜெயில் ரிஜிஸ்டர்ல, ரெண்டுக்கும் நடுவுல எத்தனை நாள், உடனே வெளிய வந்தவங்களுக்கும் வராதவங்களுக்கும் என்ன வித்தியாசம், இவ்ளோதான் ஆய்வு. பெண் கைதிங்கள ஏன் விட்டுட்டன்னு கேட்டேன். "அங்க ஆறு பேருதான் மேடம் இருக்காங்க, பேர எடுத்துட்டாலும் யாரு என்னன்னு தெரிஞ்சிடும். அவங்களுக்கு ஆபத்து வரக்கூடாதுன்னு விட்டேன். அதனால என் முடிவு பெண்களுக்குப் பொருந்தாது, அத மூணாவது பக்கத்துல எழுதியிருக்கேன்"னா. நான் மூணாவது பக்கத்த திருப்பிப் பாத்தேன், எழுதியிருந்தா.

இப்படிக்கு,
ஒரு வாசகி